விண்மீன் காட்டும் கையடக்கக் கருவி: எல்லையோர வானத்துக்கு எது தேறும்?

விண்மீன்களை அடையாளம் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு மின்னணுக் கருவி வாங்கலாமா? பொள்ளாச்சியிலிருந்து போடி, கம்பம் வழியாகச் செங்கோட்டை வரை தமிழக–கேரள எல்லை மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதே பதில். ஆனால் எல்லாக் கருவிக்கும் அந்தப் பதில் பொருந்தாது. பெட்டியின் மேல் எத்தனை ஆயிரம் விண்பொருள் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு. கருவி சுட்டும் திசையில் எத்தனை டிகிரி பிழை வரும்? நீங்கள் பார்க்கப்போகும் பைனாகுலர் அல்லது தொலைநோக்கி வழியே எத்தனை டிகிரி வானம் தெரியும்? பிழையைவிடத் தெரியும் வானம் அகலமாக இருந்தால் கருவி உதவும். குறுகலாக இருந்தால் கருவி சொன்ன இடத்தில் பொருள் இருக்காது, அதைச் சுற்றித் தேடியே இரவு போய்விடும்.

அளவுகளைக் கையாலேயே எடுக்கலாம். கையை முழுதாக நீட்டினால் மூடிய முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5, சுண்டுவிரல் நுனி 1. முழுநிலா அரை டிகிரிதான். வெறும் கண்ணுக்கு வானம் முழுதும் திறந்திருக்கிறது. 10×50 பைனாகுலரில் (உருப்பெருக்கம் 10 மடங்கு, முன்வில்லை 50 மி.மீ.) சுமார் 6.5 டிகிரி தெரியும், 7×50 என்றால் 7 டிகிரி. 1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் 25 மி.மீ. கண்ணருகு வில்லையைப் போட்டால் உருப்பெருக்கம் 48. தெரியும் வானம் ஒரு டிகிரி, அதிகம் போனால் ஒன்றேகால்.

தனிக் கருவிகளின் கதை

இந்த வகையில் பெயர் வாங்கியவை இரண்டு. செலஸ்ட்ரான் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த ஸ்கைஸ்கவுட் ஒன்று. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 399 டாலர். பார்க்க வீடியோ கேமரா போல இருக்கும், ஆனால் உருப்பெருக்கம் கிடையாது. வெறும் கண்ணாடிச் சன்னல் வழியே பார்க்க வேண்டும். ஒரு விண்மீனை வட்டத்துக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினால் பெயர் சொல்லும். பெயரைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சிவப்பு அம்புகளால் காட்டும். சில பொருள்களுக்கு ஒலி விளக்கமும் உண்டு. அடுத்த ஆண்டு மீட் நிறுவனம் மைஸ்கை என்று துப்பாக்கி வடிவத்தில் வண்ணத் திரையோடு ஒன்றை இறக்கியது. இரண்டும் இன்று தயாரிப்பில் இல்லை. பழைய பொருள் விற்கும் தளங்களில் அவ்வப்போது தலைகாட்டும், அவ்வளவுதான்.

இவற்றுக்குள் இருந்தது மூன்றே சங்கதி. இடமும் நேரமும் தெரிய ஜிபிஎஸ், வடக்கு தெரிய மூவச்சுக் காந்தமானி, சாய்வு தெரிய முடுக்கமானி. மூன்றும் இன்று கைப்பேசியில் கிடக்கின்றன. ஸ்கைஸ்கவுட்டோடு கொடுத்த ஒரு சிறு பாகம் கருவியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது. அது இரண்டு ஏஏ பேட்டரிகளைச் சுற்றி மாட்டும் காந்தத் தடுப்பு உறை. பேட்டரியின் இரும்புக் கூடே காந்தமானியைத் திசைமாற்றிவிடும் என்பதால்தான் அந்த உறை. பழைய ஸ்கைஸ்கவுட் வாங்குவோர் முதலில் அந்த உறைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கருவி பாதிதான்.

இரண்டாவதாக, ஜிபிஎஸ் தேதியைப் பாருங்கள். பழைய ஜிபிஎஸ் வாங்கிகள் வாரத்தை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2019 ஏப்ரலில் அப்படி ஒரு திருப்பம் வந்தது. புதுப்பிக்கப்படாத வாங்கி தேதியை ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டும். ஆண்டு மட்டும் பிசகினால் விண்மீன்கள் தப்பிக்கும், கோள்கள்தான் இடம் மாறும். இங்கே மாதமும் பிசகுவதால் காட்டும் வானமே வேறாகிவிடும். தேதியைக் கையால் மாற்ற வழியிருந்தால் வாங்கலாம். வழியில்லாவிட்டால் அலமாரியில் வைக்கத்தான்.

காந்தம்: நமக்கு வாய்த்த ஒரு நன்மை

கைப்பேசி வான்வரைபடச் செயலிகள் பற்றி வெளிநாட்டார் எழுதும் குறைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டி ஓடுகிறது. 1963-ல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுதான் காரணம். நடுக்கோட்டின் அருகே புவியின் காந்தப்புலம் தரைக்குள் சாயாமல் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடும். எனவே நம் பகுதியில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா புலம் முழுவதும் வடக்கைக் காட்டப் பயன்படுகிறது. லண்டனில் மொத்தப் புலம் இதைவிட அதிகம், ஆனால் செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால் படுக்கைப் பங்கு இதில் ஏறக்குறைய பாதிதான்.

பக்கத்து இரும்பு ஒன்று 2 மைக்ரோடெஸ்லா அளவுக்குக் குறுக்கே இழுக்கிறது என்று வையுங்கள். இங்கே அதனால் வரும் திசைப்பிழை 3 டிகிரி, அங்கே 6 டிகிரி. அதே கைப்பேசி, அதே செயலி, ஆனால் கம்பத்தில் நிற்பவருக்குப் பிழை பாதி.

அதற்காகக் கைப்பேசியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இரும்பு நம்மைச் சுற்றி ஏராளம். மொட்டை மாடித் தளத்தில் கம்பி, கைப்பிடிச் சுவரின் குழாய், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, தகரக் கூரை, பக்கத்தில் நிறுத்திய பைக். கொழுக்குமலை போன்ற இடங்களுக்கு ஜீப்பில் போகிறவர்கள் பானெட்டின் மேல் சாய்ந்துகொண்டு செயலியைத் திறப்பார்கள். அதைவிட மோசமான இடம் கிடையாது. கைப்பேசி உறையின் மூடியிலும், பின்னால் ஒட்டும் வளையத்திலும் காந்தம் இருக்கும். அதைக் கழற்றாமல் எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை.

சோதிக்கும் முறை இது. கைப்பேசியின் உணரிகளைக் காட்டும் இலவசச் செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் காந்தமானியும், கைப்பேசி திரும்புவதை உணரும் ஜைரோவும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுக் கைப்பேசிகள் பலவற்றில் ஜைரோ இருக்காது. இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு நகரும், இல்லாவிட்டால் துள்ளித் துள்ளி ஓடும். காந்தமானியே இல்லாத கைப்பேசியில் வானத்தை நோக்கிக் காட்டும் வசதி வேலை செய்யாது, வரைபடத்தைக் கையால் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். அடுத்து மொத்தக் காந்தப்புலத்தின் எண்ணைப் பாருங்கள். திறந்த வெளியில் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 55, 60 என்று காட்டினாலோ 25-க்கு இறங்கினாலோ பக்கத்தில் இரும்பு இருக்கிறது, அல்லது காந்தமானி சரிசெய்யப்படவில்லை. காற்றில் எட்டு எழுதுவதுபோலக் கைப்பேசியை எல்லா அச்சிலும் புரட்டிப் புரட்டிச் சுழற்றுங்கள். எண் அப்போதும் 40-ஐ ஒட்டி வராவிட்டால் நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். எண் எங்கே 40-க்கு வருகிறதோ அங்கேதான் நாற்காலியைப் போட வேண்டும்.

கடைசியாக, சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு விண்மீனைக் குறிவையுங்கள். பிப்ரவரி, மார்ச் மாலைகளில் சிரியஸ், மே மாதத்தில் சுவாதி அல்லது சித்திரை விண்மீன். செயலி அதை இடப்பக்கம் 4 டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த வட்டாரத்தில் பிற விண்மீன்களையும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளியே காட்டும். வேறு திசைக்குத் திரும்பினால் மறுபடி ஒரு தெரிந்த விண்மீனில் சோதிக்க வேண்டும். பிழை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது.

இத்தனையும் செய்தபின் நல்ல கைப்பேசியில் 3 முதல் 5 டிகிரிப் பிழை எஞ்சும். வெறும் கண்ணால் ‘அது செவ்வாயா கேட்டையா’ என்று தெரிந்துகொள்ள இது தாராளம். பைனாகுலருக்கு ஓரளவு போதும், இரண்டு முறை துழாவினால் கிடைத்துவிடும். ஒரு டிகிரி தெரியும் தொலைநோக்கிக்கு எந்த வகையிலும் போதாது. தொலைநோக்கி வாங்கியவர்கள் செயலியைக் குழாயின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான்.

எந்தச் செயலி

ஸ்கை மேப் இலவசம், சின்னது, பழைய கைப்பேசியிலும் ஓடும், ஆரம்பத்துக்குப் போதும். ஸ்டெல்லேரியம் கைப்பேசிப் பதிப்பின் இலவச வடிவமே பெரும்பாலோருக்கு வாழ்நாளுக்கும் காணும். காசு கொடுத்தால் மங்கலான விண்பொருள்களும் தொலைநோக்கி இணைப்பும் சேரும். ஸ்கைசஃபாரி திட்டமிடுவதற்கு நல்லது, பார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிழை கைப்பேசியின் உணரியிலிருந்து வருவது, செயலி மாற்றினால் பெரிதாகக் குறையாது.

மேகமலை, வட்டவடை போன்ற இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், ஆனால் இணைய உதவி இல்லாமல் முதல் இடங்காணலுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். தென்னந்தோப்புக்குள் நின்றால் இன்னும் தாமதம். இடத்தைக் கையாலேயே பதிந்துவிடுவது நிம்மதி. கம்பம் 9.74 வடக்கு, 77.28 கிழக்கு. பொள்ளாச்சி 10.66, 77.01. செங்கோட்டை 8.97, 77.25. வான்வரைபடத்துக்கு இருபது கிலோமீட்டர் தள்ளிப் பதிந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

திரை வெளிச்சம் இன்னொரு தொல்லை. இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும், வெள்ளைத் திரை அதை ஒரு நொடியில் கெடுக்கும். செயலியின் சிவப்பு இரவுமுறை நல்லதுதான், ஆனால் வாட்ஸாப் செய்தி ஒன்று வந்தால் முகத்தில் வெள்ளையாக அறையும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அப்படியும் வெளிச்சம் அதிகமென்றால் நாடக மேடை விளக்குக்கு ஒட்டும் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மூன்று அடுக்காகத் திரைமேல் கட்டலாம்.

காகிதச் சுழல்வரைபடமும் போட்டியில் உண்டு

வட்ட அட்டையைச் சுழற்றித் தேதியையும் நேரத்தையும் பொருத்தும் விண்மீன் வரைபடத்துக்கு பேட்டரி வேண்டாம், காந்தம் ஒன்றும் செய்யாது. ஆனால் கடையில் கிடைக்கும் இறக்குமதி அட்டைகள் பலவும் 40, 50 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு வரைந்தவை. அவற்றில் அகத்தியர் (கனோபஸ் விண்மீன்) இருக்கமாட்டார் அல்லது அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார். தென்சிலுவை அறவே கிடையாது. 10 டிகிரி வடக்குக்கு வரைந்ததை இணையத்தில் எடுத்து, தடித்த தாளில் அச்சிட்டு, நடுவில் ஒரு பித்தளைப் பொத்தான் அடித்தால் போதும். தெற்கு வானம் அதில் அகன்று கோணலாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது. வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனிப் பக்கம் உள்ள அட்டை கிடைத்தால் அதுவே மேல்.

பயன்படுத்தும்போது ஒரு திருத்தம் உண்டு. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குக்கானது, நாமோ 77-ஐ ஒட்டி இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் கடிகார நேரத்திலிருந்து ஏறக்குறைய 21 நிமிடம் கழித்துவிட்டுத்தான் அட்டையைத் திருப்ப வேண்டும்.

காசு எங்கே போக வேண்டும்

சுட்டிக்காட்டும் வேலையைக் கையில் இருக்கும் கைப்பேசியே செய்வதால், செலவு பார்க்கும் கண்ணாடிக்குப் போகட்டும். 10×50 பைனாகுலர் சுமார் ரூ.5,000 முதல் 12,000-க்குள் கிடைக்கும். ஸ்கைஸ்கவுட் போன்றவை சொன்னதையெல்லாம் கைப்பேசி சொல்லும், பைனாகுலர் அதைக் கண்ணால் காட்டும். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறுக்குப் பதில் முப்பது நாற்பது மீன்கள், பூசத்தில் மங்கல் புகைக்குப் பதில் தேன்கூட்டு விண்மீன் கூட்டம், விருச்சிக வாலுக்குப் பக்கத்தில் எம்7 என்ற விண்மீன் கூட்டம்.

வாங்கும்போது கடையிலேயே நான்கு சோதனை. முன்வில்லையில் விழும் பிரதிபலிப்பு பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாக இருக்க வேண்டும். கண்ணாடி போல் செம்மஞ்சளாகப் பளபளத்தால் அது ரூபி பூச்சு, வேண்டாம். பைனாகுலரை ஒரு அடி தள்ளிப் பிடித்து, கண்வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்ல முப்பட்டகம், ஓரம் வெட்டினாற்போல் சதுரமாகத் தெரிந்தால் மலிவு. மூன்றாவதாகத் தூரத்து மின்கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரு கண்ணையும் ஒருசேரத் திறக்கும்போது கம்பம் இரண்டாகப் பிரிந்து, பிறகு மெல்ல ஒட்டிக்கொண்டால் இரு குழாயும் நேர்கோட்டில் இல்லை. கண் அதைச் சரிக்கட்டும், அரைமணியில் தலைவலிக்கும். நாலாவது, உருப்பெருக்கத்தை மாற்றும் ஜூம் வகை என்றால் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணின் பாவை இருளில் 5 மி.மீ. அளவுக்கே விரியும் என்பதால் 7×50-ன் 7 மி.மீ. ஒளிக்கற்றையில் ஒரு பங்கு வீணாகும். அவர்களுக்கு 10×50-ன் 5 மி.மீ. சரியான பொருத்தம். கை நடுங்குபவர்களுக்கு 8×42 எடுப்பது நல்லது. 15×70 ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், முக்காலி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கையில் பிடிக்கும் மின்னணுப் பொருள் ஒன்றுக்குத்தான் நிறையக் காசு கொடுக்கலாம் என்றால் அது நடுக்கம் தடுக்கும் பைனாகுலர். கேனான் 10×30 ஐஎஸ் போன்றவற்றில் பொத்தானை அமுக்கியதும் உள்ளே இருக்கும் முப்பட்டகம் வளைந்து கையின் நடுக்கத்தைச் சமன்செய்யும். எடை சுமார் 600 கிராம், தெரியும் வானம் 6 டிகிரி. வில்லை 30 மி.மீ.தான் என்றாலும் படம் நின்றுவிடுவதால், கையில் பிடித்த சாதாரண 10×50-ல் நடுக்கத்தில் கரைந்துபோகும் மங்கல் மீன்கள் இதில் தெரியும். வியாழனின் நிலாக்களுக்கும் இது அருமை. விலை சாதாரண பைனாகுலரைப் போல் பல மடங்கு. முக்காலி ஒன்று இந்த வேலையில் பாதியைச் சில ஆயிரத்தில் செய்துவிடும். ஆனால் தலைக்கு மேலே இருப்பதை முக்காலியில் பார்க்கக் கழுத்து ஒடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நம் ஊர் வானத்தில் முக்கியமான பலவும் உச்சியைத்தான் கடக்கின்றன.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு

இங்கேதான் மின்னணு உதவி நியாயமாகிறது, காந்தத்தை விட்டுவிடும் பட்சத்தில். செலஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்புளோரர் வரிசை 2020-ல் வந்தது. தொலைநோக்கியின் மேல் ஒரு தொட்டி, அதில் கைப்பேசி, கீழே ஒரு சிறு கண்ணாடி. கைப்பேசிக் கேமரா வானத்தைப் படமெடுத்து விண்மீன்களின் அமைப்பை வைத்தே தான் நோக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. காந்தமானிப் பிழை ஐந்து டிகிரி என்றால் இங்கே குறைந்த உருப்பெருக்கத்தில் பொருள் பார்வைக்குள் வந்து விழும். பழையது வாங்கினால் செயலியைத் திறக்கும் குறியீடும் சேர்ந்து வருகிறதா, அது இன்னும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறியீடு இல்லாமல் அந்தத் தொட்டி பிளாஸ்டிக்தான். பனிமூட்டமும் பெரிய தென்னையும் கேமராவுக்கு விண்மீன்களை மறைத்தால் கணக்கு நிற்கும்.

இருக்கும் தொலைநோக்கிக்குக் காசில்லாமல் ஒரு வழி உண்டு. ஆஸ்ட்ரோஹாப்பர் என்ற இலவச இணையச் செயலி கைப்பேசி உலாவியிலேயே ஓடும், ஜைரோ மட்டும் வேண்டும். கைப்பேசியைக் குழாயோடு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், அசையக்கூடாது. தேடும் பொருளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பிரகாசமான மீனைத் தொலைநோக்கியின் நடுவில் வைத்துச் செயலியில் ‘இதுதான் அது’ என்று ஒத்திசைவு செய்யுங்கள். அங்கிருந்து பொருள் வரை திரையைப் பார்த்துத் தள்ளிச் செல்லுங்கள். பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் நன்றாக வரும். ஜைரோ சில நிமிடத்தில் விலகிப்போகும், அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக ஒத்திசைவு செய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஒருமுறை ஒத்திசைவு செய்துவிட்டு இரவு முழுவதும் ஓட்டப்பார்ப்பதால்தான் இது சரியில்லை என்கிறார்கள்.

தச்சர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோணமானியைக் குழாயில் ஒட்டி, செயலி சொல்லும் உயரக்கோணத்துக்குக் குழாயை உயர்த்திவிட்டு இடவலமாகத் துழாவுவதும் நல்ல பழக்கம். ஒன்றில் மட்டும் கவனம். அதன் அடியில் காந்தம் இருக்கும், கைப்பேசியை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ஓர் உதாரணம், திசைகாட்டும் எந்தக் கருவியும் இல்லாமல். ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து கம்பத்தில் 33 டிகிரி உயரம் வரை எழும், டெல்லியில் 14 டிகிரிதான். ஏப்ரல் கடைசியில் இரவு பதினொன்றேகால் வாக்கில் தெற்கே உச்சத்தில் நிற்கும். தென்சிலுவைக்குக் கிழக்கே இரண்டு பிரகாச மீன்கள் இருக்கும். அவற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் உள்ளது பீட்டா சென்டாரி. அதிலிருந்து எப்சிலான் சென்டாரிக்கு ஒரு கோடு இழுத்து, ஏறக்குறைய அதே தூரம் மேலே நீட்டினால் பைனாகுலரில் பஞ்சு உருண்டையாக ஒமேகா நிற்கும். இந்தக் கோட்டை இருமுறை இழுத்தவருக்கு அதற்கப்புறம் செயலி தேவைப்படாது.

சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிகள் கையில் பிடிப்பவை அல்ல, ஆனால் இந்தப் பேச்சில் எப்படியும் வந்து நிற்கும். 2023-ல் வந்தது, வில்லை 50 மி.மீ., குவியத் தொலைவு 250 மி.மீ. தானே தேடி, தானே பின்தொடர்ந்து, படங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். தெருவிளக்கு நடுவே இருப்பவர்களுக்கு நெபுலாக்கள் கிடைப்பது இதில்தான். கண் வைத்துப் பார்க்க இதில் இடமே இல்லை. கோள்களுக்கு இது சிறிது. அண்ணனும் தங்கையும் மாறி மாறிக் கண்ணை வைத்து ‘சனிக்கு வளையம் தெரியுது’ என்று கூச்சல் போட வேண்டுமென்றால் இது வேண்டாம்.

வேண்டவே வேண்டாதவை

இணையச் சந்தையில் கிடைக்கும் டிஜிட்டல் இரவுப்பார்வைக் கருவிகளில் உள்ளது அகச்சிவப்பு விளக்கு. சில நூறு மீட்டர் வரை காட்டுப்பன்றியைக் காட்டும், விண்மீனுக்கு அந்த விளக்கு எதுவும் செய்யாது. பச்சை லேசர் சுட்டி கூட்டத்துக்கு விண்மீன் காட்ட வசதியானதுதான். ஆனால் மலிவானவற்றில் எழுதியிருக்கும் 5 மில்லிவாட்டை நம்ப முடியாது, உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியும் இருக்காது. மூணாறு, கொடைக்கானல் மார்கழிக் குளிரில் பல லேசர்கள் மங்கிவிடும் அல்லது எரியவே எரியாது. விமானத்தை நோக்கிக் காட்டுவது குற்றம். கோவைக்கும் மதுரைக்கும் இறங்கும் பாதைகள் இந்தப் பக்கமாகவும் போகின்றன.

நம் இடத்துக்கான கணக்கு

கருவியின் மதிப்பு அது பயன்படும் இரவுகளைப் பொறுத்தது. மலையோரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேகம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் முன்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. தெளிந்த இரவுகள் பெரும்பாலும் தைக்கு முன்பின்னிலிருந்து சித்திரை வரை. ஆண்டில் ஐந்து மாதத்துக்குத்தான் உழைக்கும் பொருள் என்று நினைத்தே விலையைப் பாருங்கள்.

மேற்கே மலை. கம்பம் பள்ளத்தாக்கில் புதனும் மூன்றாம் பிறையும் பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு வெகு முன்னமே மலைக்குப் பின்னால் போய்விடும். மலை உச்சி எத்தனை முட்டி உயரம் என்று பகலிலேயே அளந்து வையுங்கள். செயலியில் அந்தக் கோள் அந்த உயரத்துக்கு எப்போது இறங்குகிறது என்று பார்த்தால் உங்கள் வீட்டுக்கான அத்தமன நேரம் கிடைத்துவிடும். கைப்பேசிச் செயலியின் மிகப் பெரிய பயன் இதுதான், இதற்குக் காந்தமானியே வேண்டாம். தென்சிலுவை உச்சத்திலேயே இருபது டிகிரி, அதாவது இரண்டு முட்டிதான். கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் தெற்கு மலை அதைவிட உயர்ந்து நிற்கும் இடத்தில் இருந்தால் வடகிழக்கே நகர்ந்து பார்க்க வேண்டும். துருவமீனும் வடக்கே ஒரு முட்டி உயரம்தான், தென்னையோ ஓட்டுக்கூரையோ மறைக்கும். அதனால் துருவமீனைப் பார்த்து அச்சை ஒழுங்குபடுத்த வேண்டிய தொலைநோக்கித் தாங்கி வாங்குவதற்குமுன் வடக்கு அடிவானத்தைப் பாருங்கள். புலிகள் காப்பகத்தை ஒட்டிய சாலைகளில் இருட்டியபின் நிற்க வனத்துறை விடாது. சோதனைச்சாவடி மூடும் நேரத்தைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்பதும் வாங்கும் முடிவில் சேர வேண்டும். ஈரத்தில் வில்லையின் உள்ளே பூஞ்சை படரும், சிலந்தி வலை போல் கோடு கோடாக. படர்ந்தபின் துடைத்தாலும் பூச்சு போய்விடும். ரப்பர் வாய் உள்ள காற்றுப்புகா டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி போட்டு பைனாகுலரை வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்து அடுப்பில் சூடுபண்ணிக் காயவைத்து மறுபடி போடலாம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதை டப்பாவுக்கு வெளியே விடுங்கள். நடுக்கம் தடுக்கும் பைனாகுலரிலும் பழைய ஸ்கைஸ்கவுட்டிலும் ஏஏ பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஜூனில் போட்டது டிசம்பருக்குள் கசிந்து தகட்டை அரித்துவிடும்.